நடு வயதுக் கட்டம்

— இந்த முறையும் பூச்சியமோ, உடையப்பன்?

— பூச்சியந்தாங்கய்யா. வருசா வருசம் அதுதானே.

— சுங்காயிலயிருந்து ரயிலேறி ஈப்போவுக்கு ஒரு பூச்சியத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர். தபாலில போட்டிருக்கலாமே?

— தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரஸ்ஸருக்கு வருசத்துல ஒரு நாள்தான் பட்டணம் பாக்கக் கிடைக்குது, குலசிங்கமய்யா. அதுல மண்ணைப் போடாதீங்க. அடுத்த தடவை வேற ஆள்தான் வருவான்.

— ஏன், உமக்கு மாத்தமோ?

— அப்படித்தான் வச்சுக்குங்க.

— நல்ல இடமாய்க் கிடைக்கட்டும். சரி, இந்த அட்டவணையைப் பாரும். நான் கட்டின கோயில். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறு, நாடு நாடாய்த் தற்கொலை. நாற்பது வயசிலயிருந்து அறுபது வரைக்கும் மட்டும். இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, இலங்கை. கடைசி வரி உம்மட ரப்பர்த் தோட்டங்கள்.

— சுவிட்சர்லாந்து எந்தப் பக்கங்கய்யா?

— எனக்கும் தெரியாது. குளிர் தேசம். வீட்டுக்கு வீடு மாடு, பால், வெண்ணெய் எண்டு படிச்சனான். ஆனால் இந்தக் கட்டத்தில அவங்கள் முன்னுக்கு நிக்கிறாங்கள்.

— பால் குடிக்கிறவனுக்கு அவ்வளவு, பால் மரம் வெட்டுறவனுக்குப் பூச்சியமா?

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை. உலகத்திலேயே சந்தோசமான சனம் உம்மட கித்தாத் தோட்டத்திலதான் இருக்குதெண்டு என்ர அட்டவணை சொல்லுது. இந்தச் சுகாதாரக் கந்தோரில கிளாக்கர்மாருக்குள்ள எனக்குக் கணக்கில புலி எண்டு பேர். புலிக்கே நம்பக் கஷ்டமாய்க் கிடக்கு.

— சந்தோசமாவது மண்ணாவது. எங்க தோட்டத்துல நாப்பது வயசுக்காரனே கிடையாதுங்க.

— என்ன கதை இது?

— நாகப்பட்டணத்துல கப்பலேத்துற டிப்போவுல, ஆள் சேக்குற கங்காணி எல்லாருக்கும் வயசைக் கொறைச்சுத்தான் சொல்லுவான். வயசாளின்னா தள்ளிடுவாங்கல்ல? முப்பத்திரண்டுன்னு எழுதுனா முப்பத்திரண்டு. தோட்டத்துப் பேரேட்டுல அது அப்படியே நிக்கும். பதினஞ்சு வருசம் கழிச்சுச் செத்தாலும் முப்பத்திரண்டுதான். அதைப் பாத்து நான் எழுதி உங்களுக்கு அனுப்பிடுவேன்.

— அப்ப அங்க ஒருத்தருக்கும் வயசு போறதில்லை.

— மார்க்கண்டேயனுக்குப் பதினாறு, எங்காளுங்களுக்கு முப்பத்திரண்டு. தலை நரைச்சிருக்கும், வாயில பல்லு இருக்காது, ஆளு முப்பத்திரண்டு.

— நாசமாய்ப் போச்சு. நான் எழுதின விளக்கத்தைக் கேளும். 'கீழைத் தேசத்தவரின் போதுமென்ற மனமே இதற்குக் காரணமாகலாம்.' இப்படி ஒரு முழுப் பக்கம். மூண்டு பிரதி வேற.

— கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க.

— அதுதான் மிச்சம். சரி, வயசை விடும். சாவின்ர காரணத்தையாவது சரியாய் எழுதினனீரோ?

— காய்ச்சல்னு எழுதினேன்.

— எத்தனை பேருக்கு?

— தெரிஞ்சு ரெண்டு பேருக்கு. தற்கொலைன்னா போலீசு வரும், லேபர் ஆபீசுலேருந்து ஆள் வரும். தோட்டத்துத் துரைக்குத் தலைவலி. அவரு தலைவலிக்கு எங்கிட்ட மருந்தில்ல. அதனால செத்தவங்களுக்குக் காய்ச்சலைக் குடுத்துட்டேன். அது எங்கிட்ட எப்பவும் நிறைய இருக்கும்.

— பகிடி விடுறீர்.

— வேற எனக்கு என்னாங்கய்யா தெரியும்? ரெண்டாவது ஆள் ஐயாவு. எங்கூட ஒரே கப்பல்ல வந்தவன். இடுப்பு போயிருச்சு, வாளி தூக்க முடியல. வேலைக்கு ஆகாத வயசாளிங்களை ஊருக்கு அனுப்பி வைக்கிறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. டிசம்பர்ல எங்கிட்ட வந்தான். 'உடையப்பா, என் வயசைத் திருத்தி எழுதுடா, நான் போயிடறேன்'னான்.

— திருத்தினீரோ?

— சிரிச்சேங்க. 'கடுதாசில நீ எனக்கு எளையவன்டா, போய் மரம் வெட்டு'ன்னேன். பக்கத்துல நாலு பேரு இருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க. நான் பேசினா எங்க லயத்து வீடுங்கள்ல எல்லாரும் சிரிப்பாங்க. ஐயாவுவும் சிரிச்சுட்டுத்தான் போனான்.

— பிறகு?

— மூணாம் நாளு எழுதினேன். ஐயாவு, முப்பத்திரண்டு, காய்ச்சல்.

— அது உம்மட பிழை இல்லை, உடையப்பன்.

— யாரு பிழைன்னு எழுதறதுக்கு அந்தக் கடுதாசில எடமில்லீங்க. அது கெடக்கட்டும். இருபத்தேழாம் வருசத்துக் கடுதாசியையும் சேத்தே கொண்டாந்துட்டேன்.

— இண்டைக்குப் பெப்ரவரி பன்னிரண்டு. வருசத்தில மிச்சம் எவ்வளவு கிடக்கு!

— எனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதியிருக்கேன்.

— தாரும் பாப்பம். எல்லாக் கட்டமும் வெறுமை. தற்கொலையில மட்டும் ஒண்டு. வயசு நாற்பத்தேழு. இது ஆர்?

— சரியான வயசுங்க அது. எங்க தோட்டத்துலேருந்து ஒண்ணாவது ஒழுங்கா வரட்டுமே. உங்க கட்டமும் காலியா இருக்காது.

— நான் கேட்டது ஆர் எண்டு.

— இன்னும் யாரும் இல்லீங்கய்யா.

— உமக்கு என்ன வயசு?

— புலின்னு சும்மாவா பேரு வச்சாங்க?

— எழும்பாதையும். இரும். இரும் எண்டெல்லே சொல்லுறன்!

— ரயிலுக்கு நேரமாச்சு. கதவுல ஏன் நாக்காலியைப் போடுறீங்க? யாராவது பாத்தா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். இந்தக் கடதாசியை நான் கிழிச்சுப் போட்டன், பாத்துக்கொள்ளும். இண்டைக்கு நீர் என்ர வீட்டில. நாளைக்கு நானும் உம்மோட சுங்காய்க்கு வாறன். ஒவ்வொருத்தரையும் முகத்தைப் பாத்து வயசைத் திருத்துவம்.

— துரை என் சீட்டைக் கிழிச்சுடுவாரு.

— கிழிக்கட்டும். இஞ்ச ஆஸ்பத்திரியில ஆள் தேடுகினம், நான் எழுதித் தாறன்.

— வயசெல்லாம் திருத்தற வரைக்கும் எனக்காக உங்க பெரிய டாக்டருக்குப் போற அட்டவணையை நிறுத்தி வைப்பீங்களா? அவரு உங்களைக் கேக்க மாட்டாரா?

— அவர் இதைக் கண்டதே இல்லைக் காணும். இதை ஒரு துரையும் என்னட்டக் கேக்கேல்லை. என்ர மனுசி செத்துப் போனபிறகு, என்ர வயசில என்னைப்போல இந்த உலகத்தில எத்தனை பேர் எண்டு எண்ணி முடியும் வரைக்குமாவது உயிரோட இருந்து பாப்பம் எண்டு நானாய்த் தொடங்கினது.