கோலுக்குப் பின்னால் ஒரு படி

“அவங்கள் கோல் போட்டாலும் நான் கை தட்ட மாட்டன், அண்ணை.”

ஸ்டுட்கார்ட்டிலிருந்து பிரான்ஸ் எல்லைப் பக்கம் போகும் ரயில், சனிக்கிழமை காலை. எதிர் இருக்கையில் பச்சைச் சால்வை போட்ட ஒரு பெண். பக்கத்தில் இருந்தவர் அவளோடு வேலை செய்கிறவர் போலிருந்தது.

“உம்மட கிளப்தானே, தங்கச்சி?”

“எங்கட கிளப் பச்சை. நான் பிரான்சில இருக்கேக்க அந்த ஊருக்கெண்டு இருந்த சின்ன ஃபுட்பால் கிளப். ஐஞ்சாம் பிரிவுக்கு இறங்கின உடன பக்கத்து ஊர்க் கிளப்போட சேர்த்து நீலமாக்கிப் போட்டினம். நாங்கள் கொஞ்சப் பேர் இப்பவும் பச்சையோட போய், கோலுக்குப் பின்னால சனம் நிண்டு பாக்கிற எங்கட பழைய பச்சைப் படியில வாய் திறக்காமல் நிப்பம்.”

“விளையாட்டு முடியுமட்டுமோ?”

“ஓம்.”

“அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் போறீர்?”

“போகாட்டி அந்தப் படிக்கும் நீலம் அடிச்சுப் போடுவினம்.”

அவர் சிரித்தார். “இஞ்ச ஸ்டுட்கார்ட்டில பெரிய கிளப் இருக்கு. பேசாமல் இதுக்கு மாறும்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“ஏலாது அண்ணை. ஒருக்கா சண்டைக்குப் பயந்து சொந்த இடத்தை விட்டிட்டு ஓடி வந்தது போதும்.”