மண் நன்றாகக் குடிக்கிறது

எனக்குச் செடி கொடி பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. ஸ்டேஷனுக்கு வெளியே நிற்பவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

என் வீட்டு மதிலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். அப்பா காலத்தில் அது எங்கள் கொல்லை. சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று நகராட்சி எடுத்துக்கொண்டது. மதிலை உள்ளே தள்ளிக் கட்டினோம். சாலை அகலமாகவில்லை. நிலத்தில் முள்ளும் குப்பையும் சேர்ந்தன. அதில்கூட எனக்கு வருத்தம் இல்லை. பொது இடம் என்றால் அப்படித்தான் கிடக்கும்.

பக்கத்து வீட்டுக்கு டீச்சர் குடிவந்தார். தனி ஆள். வந்த வேகத்தில் முள்ளை வெட்டி, என் மதிலை ஒட்டிச் செம்பருத்தி நட்டார். பிறகு கீரைப் பாத்தி. தெருவே பாராட்டியது.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு நட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"யாரைண்ணா கேக்கணும்? புறம்போக்குதானே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பாவின் எலுமிச்சை நின்ற இடம் அது.

நகராட்சிக்குப் போனேன். திரும்பத் திரும்பப் போனேன். ஒரு மேசையில் இன்னொரு மேசையைக் காட்டினார்கள். அந்த மேசைக்காரர் எப்போதும் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் வந்தார். டீச்சர் அவர் கையில் ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்தார்.

"பச்சைப்பசேல்னு இருக்கு. உங்களுக்கு என்ன சார் வயித்தெரிச்சல்?" என்றார் மேற்பார்வையாளர், என்னிடம்.

"ரோடு போடத்தானே எடுத்தீங்க?"

"போடும்போது போடுவோம். அதுவரைக்கும் பொது இடம். எல்லாருக்கும் சொந்தம்."

வீட்டில் மனைவி, "விட்டுத் தொலைங்க. அந்தப் பொண்ணுகிட்ட முகம் கொடுத்துப் பேசுங்க" என்றாள். அவள் சொன்னபடி நடந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியபோது டீச்சர் குடத்தில் தண்ணீர் சுமந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. நான் குழாய் வேலை செய்பவன். என் வீட்டுக் குழாயில் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி, மதில்மேல் போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டேண்ணா."

"அதனாலென்னம்மா. வேணுங்கிற மட்டும் பிடிச்சுக்குங்க."

ஒருநாள் செம்பருத்தியடியில் நின்று ஆச்சரியப்பட்டார். "எவ்வளவு விட்டாலும் தேங்கவே மாட்டேங்குது. மண்ணு நல்லா குடிக்குதுண்ணா."

"குடிக்கிற வரைக்கும் விடுங்க."

அவர் தெரியாமல் சொன்னார். தண்ணீர் தேங்கவில்லை என்றால் கீழே எங்கோ போகிறது என்று அர்த்தம். எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். கொல்லையில், எலுமிச்சைக்குப் பக்கத்தில், ஒரு கிணறு இருந்தது. நிலத்தைக் கொடுக்கும்போது தூர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா கோபத்தில் இருந்தார். கிணற்றின் வாய்மேல் பலகைகளை அடுக்கி, மேலே மண்ணைப் பரப்பிவிட்டார். கூட நின்று மண் தள்ளியவன் நான். மனைவி கல்யாணமாகி வருவதற்கு முன்பு நடந்தது. அவளுக்குத் தெரியாது. அவளை விட்டுவிடுங்கள்.

ஈரத்தில் ஊறிய பலகையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செடியைச் சுற்றி மண் பள்ளமானது. டீச்சர் யோசனை கேட்டார். எருமண் கொட்டி நிரப்பச் சொன்னேன். ஏறி நின்று நன்றாக மிதிக்கவும் சொன்னேன்.

நேற்றுக் காலை மதிலுக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். அந்தப் பக்கம் மிதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஹோஸ் மதில்மேல் சரசரவென்று ஓடி, விறைத்து நின்றது. முதலில் குழாயை மூடினேன். தண்ணீர் வீணாகக் கூடாது.

"அண்ணா" என்று கீழேயிருந்து கூப்பிட்டார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

தீயணைப்புக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். இடம் யாருடையதோ அவர்களிடம்தானே சொல்ல வேண்டும்? நகராட்சிக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். எனக்குப் பழக்கம்தான். அவர்கள் எடுத்துப் பேசியபோது, கூப்பிடும் சத்தம் நின்றிருந்தது.

இதில் என்மேல் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். இடம் நகராட்சியுடையது. செடி டீச்சருடையது. கிணறு மட்டும்தான் எங்களுடையது.