பின்கண்ணாடியில் எழுதியது யாருக்காக?

மலைக்குளிருக்குச் சால்வை போர்த்தியும் கம்பீரம் குறையாமல் தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் வார்டு மெம்பர் செல்வப்பிரியா அவர்களே! கோயிலிலும் தேவாலயத்திலும் எங்களுக்கு நல்லது கெட்டது சொல்லும் பெரியோர்களே! ஏலக்காய் எடுத்து எடுத்து விரல் கறுத்துப்போன என் தாய்மார்களே! வளைவுக்கு வளைவு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியோட்டும் ஜீப் ஓட்டுநர் சங்கத்துத் தோழர்களே! பாண்டித்துரை உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

மைக்கைப் பிடித்தால் இவன் லேசில் இறங்கமாட்டான் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று நான் சிரிக்கவைக்க வரவில்லை.

வண்டிகளின் பின்கண்ணாடியில் இருக்கும் சாமி, சிலுவை, கட்சிக்கொடி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று நம் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அதை ஆதரிக்க வந்திருக்கிறேன். ஆமாம், இந்த ஸ்டாண்டிலேயே பெரிய எழுத்தை ஒட்டியவன்தான் வந்திருக்கிறேன்!

என்ன எழுத்து? 'இது மாரியாத்தா பிள்ளைக வண்டி!' சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், பக்கத்தில் ஆளுயரச் சூலம். போன வருடம் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடந்த திருவிழா ஒலிபெருக்கிச் சண்டை முடிந்த மறுநாள் ஒட்டினேன். யாரையாவது திட்டினேனா? யாரையாவது விரட்டினேனா? என் சாமி, என் வண்டி, என் கண்ணாடி! அதைப் பார்த்து மரியஜோசப் தன் ஜீப்பில் ஒரு சிலுவை ஒட்டினார். அதைப் பார்த்து இன்னொருவர் கட்சிக்கொடி ஒட்டினார். பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளின் வாசலிலும் ஆளுக்கொரு கொடி முளைத்தது.

முறைப்படி முன்னால் நிற்கும் வண்டியில் ஏறிப் பழகிய தாய்மார்கள், கண்ணாடியைப் படித்துவிட்டு ஏறத் தொடங்கினார்கள். அன்றைக்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை அய்யா, பெருமை வந்தது!

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினோரு மணி. ஸ்டாண்டில் நின்றது என் வண்டி ஒன்றுதான். சைடு கண்ணாடியில் பார்க்கிறேன், மதலேனம்மாள் ஓடி வருகிறார். தோட்டத்தில் மருந்தடிக்கும் நம் சூசையப்பனின் மனைவி. காலில் செருப்பில்லை. என் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு விலகி, மரியஜோசப்பின் வீட்டை நோக்கி ஓடினார்.

நான் என்ன செய்தேன்? ஹார்ன் அடித்தேனா? இறங்கி ஓடினேனா? 'என்னக்கா ஆச்சு' என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லையே! 'அவுக ஆளுக வண்டியைத் தேடிப் போறாக' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி!

மரியஜோசப் சந்தைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம். அதுவரை வீட்டுக்குள் சூசையப்பன் வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக் கிடந்திருக்கிறார். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். இன்றுவரை அவருக்கு வலது கை அசையவில்லை. பேச்சும் வரவில்லை.

என்னப்பா ரிஜின், எழுந்து நிற்கிறாய்? சத்தமாகக் கேள், எல்லோருக்கும் கேட்கட்டும். "அப்ப சாமியையே எறக்கி வைக்கச் சொல்றியாண்ணே?" என்கிறான் நம் சங்கத்துத் தம்பி. நல்ல கேள்விதான், உட்கார்!

ஸ்டியரிங்குக்கு முன்னால் மாரியாத்தா இருக்கிறாள், இனியும் இருப்பாள். மூடுபனியில் ரோடு தெரியாத வளைவில் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கியர் மாற்றுகிறேன். அது எனக்குத் தைரியம். ஆனால் வண்டியோட்டும்போது என் பின்கண்ணாடியை நான் ஒருநாளாவது படித்ததுண்டா? நான் படிக்காததை யார் படிக்க ஒட்டினேன்? பக்திக்கா ஒட்டினேன், பக்கத்து லயத்துக்காரன் பார்க்கவா ஒட்டினேன்? நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், வீம்புக்குத்தான் ஒட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் மதலேனம்மாள் முன்னால் நின்றேன். "ஏக்கா, நான் அங்கதான நின்னேன், ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. "உங்க வண்டியைத்தாண்ணே மொதல்ல பாத்தேன். இன்னாரு வண்டின்னு இம்புட்டுப் பெருசா எழுதிப் போட்டிருந்தீகளே. படிக்கத் தெரிஞ்சது என் தப்பாண்ணே?" என்றார்.

பட்டிமன்றத்தில் எத்தனையோ பேருக்கு மறுமொழி சொன்ன வாய் இது. அந்த அம்மாவிடம் தோற்றுப்போய்ப் படியிறங்கி வந்தேன்.

நாளைக் காலை சூசையப்பனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "நம்ம வண்டியில கூட்டிட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். அவர் திரும்பி சூசையப்பனின் போர்வையை இழுத்துவிட்டார். படிக்கத் தெரிந்தது என் தப்பா என்று அவர் கேட்ட அன்றே ஒட்டியதைச் சுரண்டிவிட்டேன். சுரண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? தோழர்களே, தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். அது மட்டும் போதாது. ஓடி வருகிறவர் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே இறங்கிக் கூப்பிடுங்கள்!

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். அவர்கள் வேறு வண்டியில் ஏறினால் அதன் பின்னாலேயே மலையேறி வந்து, சூசையப்பனை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போக ஒரு தோள் கொடுப்பேன். அதுவும் வேண்டாம் என்று மதலேனம்மாள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

குளிரில் உட்கார்ந்து ஒரு குற்றவாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. தாய்மார்களே, நாளைக் காலை எனக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள், எந்தச் சாமியிடமானாலும் சரி. வணக்கம்.