எந்த இறக்கத்தில் என்று கேட்ட மதலேனா மிஸ்ஸுக்கு

ஊவா மலைகளில் உருண்டோடும் சக்கரங்களுக்கெல்லாம் உற்ற துணையாய் நின்றவரே! பழுதோடு வந்தோரைப் பரிவோடு வரவேற்று, பதற்றத்தோடு வந்தோரைப் பக்குவமாய் அமர்த்தி, பென்ஸில் வந்தவரையும் பழைய வேனில் வந்தவரையும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்த பண்பாளரே! வாகனக் கொம்பனியின் பதுளைக் கிளைச் சேவைக் கவுண்டரில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அசையாது நின்ற அன்னையே! அன்பும் மதிப்பும் மிக்க மதலேனா மிஸ் அவர்களே! வணக்கம்.

இப்படிப்பட்ட விளிப்புகள் இன்னும் நான்கைந்து எழுதி வைத்திருந்தேன். தட்டச்சு செய்த பாக்கியலெட்சுமி அக்கா, "தம்பி, மிஸ் சிரிச்சிருவாங்க, போதும்" என்று நிறுத்திவிட்டார். உயர்தரத்தில் தமிழ் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, உதிரிப்பாகக் களஞ்சியத்தில் இருக்கும் விஜேந்திரனாகிய என் தலையில் இந்தப் பிரியாவிடை மடலைக் கட்டிவிட்டார்கள். நேற்று முழுவதும் ஸ்டொக் எடுத்துவிட்டுப் போய் எழுதியது இது. வரிகளில் களைப்புத் தெரிந்தால் சபை பொறுத்தருள வேண்டும். இங்கே களைக்காதவர் யாரும் இல்லை என்பது சபைக்கும் தெரியும்.

கவுண்டரின் காவலரே! நீங்கள் இந்தக் கிளையில் காலடி வைத்த நாள் முதல் உங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். வெலிமடையிலிருந்து லீக்ஸ் ஏற்றும் லொறி முதலாளியும் அதைத்தான் கேட்டார். பசறையிலிருந்து சின்னக் காரில் வரும் ஆசிரியையும் அதைத்தான் கேட்டார். தோட்டத்து துரையின் டிரைவரும் துரைக்குத் தெரியாமல் அதைத்தான் கேட்டார். "மிஸ், வெளிய பாதி வெலைக்குப் போட்டுத் தர்றாங்களே. இங்க போட்டா அந்தக் காசுக்குப் பெறுமதியா இருக்குமா?" காலையில் கதவு திறக்கும் முன்னால் கேட்டார்கள், நீங்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்துக்கு வரிசையில் நின்றபோதும் கேட்டார்கள். கோயிலில் நற்கருணை வாங்கப் போகும் வரிசையில் ஒருவர் திரும்பிக் கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. நீங்கள் அதை இதுவரை மறுக்கவில்லை.

சலிக்காமல் பதில் சொன்னீர்கள் என்று எழுதுவதுதான் மரபு. ஆனால் நீங்கள் சலித்தீர்கள், மிஸ். கண்ணாடியைக் கழற்றி வைத்து, நெற்றியைத் தேய்த்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேசவே தொடங்குவீர்கள். அப்படிச் சலித்துப்போய்ச் சொன்ன பதிலிலும் ஒரு பொய்யை நாங்கள் கேட்டதில்லை.

"வைப்பர், பல்பு, எயார் ஃபில்டர் எல்லாம் கடைவீதியில வாங்குங்க. அதுக்கு எதுக்கு இங்க வாறீங்க? வொறண்டி முடியிற வரைக்கும் சர்விஸ இங்கயே செய்ங்க, இல்லாட்டி ஒண்ணு ஆனா கொம்பனி கையை விரிச்சிரும். முடிஞ்ச பொறகு ஓயில் மாத்துறத இப்றாஹீம் பாஸ்கிட்டக் குடுங்க, நல்ல மனுசன். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், இதுக்கு மட்டும் வெலை பாக்காதீங்க. அது உசுரு."

இதைக் கேட்கக் கேட்க எங்களுக்கு வயிறு எரியும். பசறை வீதியில் தனியாகக் கராஜ் வைத்திருக்கும் இப்றாஹீம் பாஸுக்கு, எங்கள் மாத ஊக்கத்தொகையை நீங்களே கைப்பிடித்து அழைத்துப்போய் விட்டுவந்தீர்கள். "மிஸ், நீங்க அவருக்கா வேலை செய்றீங்க?" என்று டெக்னீஷியன் ஜேசன் ஒரு நாள் கோபமாகவே கேட்டான். "அவரும் அதத்தான் கேக்குறாரு" என்றீர்கள். ஜேசன், சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல், வேலைக்குப் போய்விட்டான்.

பொறுமையின் பொக்கிஷமே! டொலர் ஏறி, வாகன இறக்குமதி நின்று, இருப்பதையே இழுத்துக் கட்டி ஓட்ட வேண்டிய காலம் ஒன்று வந்தது. ஒரு சோடி பிரேக் பேட் கொழும்பிலிருந்து வந்துசேர வாரக்கணக்கானது. வந்தபோது அதன் விலையைச் சொல்ல எங்களுக்கே நாக்கு கூசியது. நாங்கள் விலையை நைசாகத் துண்டில் எழுதி நீட்டுவோம். நீங்கள் வாயால் சொன்னீர்கள், சொல்லிவிட்டு அந்த மனிதர் திட்டி முடிக்கும்வரை நின்றீர்கள். சிலர் அழுதார்கள். அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்தக் காலத்தில்தான் கிருஷ்ணராஜ் அண்ணன் வந்தார். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போகிறது என்றார். நாங்கள் பார்த்தோம், மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்றோம். வெளியில் செய்யலாமா என்று அவர் உங்களிடம் கேட்டார். பிரேக் என்றால் இங்கேதான் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் வாக்கை நம்பி அவர் மனைவியின் தோட்டை அடகு வைத்தார். சாமான் வரும்வரை வேன் எங்கள் கொட்டிலில் நின்றது, பிள்ளைகள் மழையில் நடந்து போனார்கள். சாமான் வந்தது, பூட்டினோம், தலைமைக் காரியாலயத்தின் விதிப்படி நகருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். பிரேக் அருமையாகப் பிடித்தது.

அந்த விதியைக் கொழும்பில் இருந்து எழுதியவர்கள் எங்கள் மலையில் வாகனம் ஓட்டியவர்கள் அல்லர். அண்ணன் தினமும் இறங்கும் பெரகலை இறக்கம் எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் விதிப்படி ஓட்டி, விதிப்படி கையெழுத்து வாங்கி, வேனைக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு எறங்குறேன் மிஸ், பாதியில பெடல் தரைக்குப் போயிருச்சு. மண்மேட்டுல சாத்தி நிப்பாட்டினேன். யாருக்கும் ஒண்ணும் இல்ல." அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். வெளியிடத்துக்கு டெக்னீஷியனை அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு, ஜேசனையும் இழுத்துக்கொண்டு நீங்கள் அப்புத்தளைக்கு ரயிலேறினீர்கள்.

அதே இறக்கத்தில் கிருஷ்ணராஜ் அண்ணன் வேனை ஓட்ட, ஜேசன் முன்னால் இருக்க, நீங்கள் பிள்ளைகள் உட்காரும் பின் சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். முதல் வளைவுகளில் ஒன்றும் இல்லை. பிறகு கருகிய நாற்றம் வந்தது. "போகுது மிஸ், போகுது!" என்று அவர் கத்தினார். "கியர எறக்குங்கண்ணே. கைபிரேக்க மெதுவா இழுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றீர்கள். பின் சீட்டில் இருந்துகொண்டு மிஸ் என்ன செய்திருப்பார் என்று ஜேசன் இன்றைக்கும் கேட்கிறான். ஆனாலும் அந்தச் சொல் கேட்டதும்தான் தன் கை கியருக்குப் போனது என்று அண்ணன் எங்களிடம் சொல்லியிருக்கிறார். வேன் தேயிலைச் சரிவின் ஓரத்தில் உரசி நின்றது.

முன் சக்கரம் ஒன்று தொட முடியாமல் கொதித்தது. பிரேக்கை விட்டதும் விலக வேண்டிய ஒரு சின்ன ஊசி துருப்பிடித்து இறுகி, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் அந்தச் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துப் பெடல் உள்ளே போயிருக்கிறது. சமதரையில் இரண்டு கிலோமீட்டருக்குள் அது சூடேறாது. கழற்றித் துடைத்து, கிறீஸ் பூசி, எண்ணெயை மாற்ற வேண்டிய வேலை அது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஜேசன் அதை உங்களிடம் மெல்லிய குரலில்தான் சொன்னான். நீங்கள் அண்ணனிடம் நேராகப் போனீர்கள். "அண்ணே, நாங்க மாத்தின பெரிய சாமான்ல பழுதே இல்ல. பழுது இதுல. ஒரு எறக்கம் ஓட்டிப் பாத்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இது எங்க பிழை. இங்கதான் செய்யணும்னு சொன்னது நான்." அவர் உங்களைத் திட்டவில்லை. "பிள்ளைங்க இருந்துச்சு மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை அதே வார்த்தைகளைக் கொழும்புக்கும் சொன்னீர்கள். சாமானைத் திரும்ப எடுத்துக் காசைக் கொடுக்க வைத்தீர்கள். தோடு வீடு திரும்பியது. அந்த வருடம் உங்களுக்கு வரவேண்டியிருந்த கிளை முகாமையாளர் பதவி மட்டும் வரவில்லை. வேறொருவர் வந்தார், போனார், இன்னொருவர் வந்தார். நீங்கள் அதே கவுண்டரில், அதே கதிரையில், முதுகுவலிக்கு ஒரு தலையணையோடு இருந்தீர்கள். எங்களில் சிலர் அப்போது உங்கள் மேல்தான் எரிச்சல்பட்டோம்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு பிரேக் என்று யார் வந்தாலும், வாகனம் என்ன, வருடம் என்ன என்று கேட்கும் முன்பே, "எந்த எறக்கத்துல?" என்று நீங்கள் கேட்கத் தொடங்கினீர்கள். வேலை முடிந்த வாகனம் தெமோதரை வரை ஏறி, ஹாலிஎல வழியாக இறங்கி வந்து, சக்கரத்தில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் சாவி உரியவர் கைக்குப் போனது. விதியில் அது இல்லை. எரிபொருளுக்கு யார் கணக்குக் காட்டுவது என்று மாதாமாதம் உங்களுக்கும் கணக்காளருக்கும் சண்டை. வென்றது எப்போதும் நீங்கள்தான்.

இப்போது புதிய முறைமை வந்திருக்கிறது. கவுண்டரில் ஒரு மட்டையை ஒட்டியிருக்கிறார்கள். பெறுமதியா என்று யார் கேட்டாலும், "ஆம், எப்போதும்" என்று தொடங்கும் மூன்று வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். வெளிக் கராஜ் ஒன்றின் பெயரும் வாயில் வரக் கூடாது. சோதனை ஓட்டம் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கொழும்பில் உள்ள திரையில் சிவப்பாக மின்னுமாம். இந்த முறைமைக்கு ஒத்துக்கொண்டால் ஓய்வு பெறாமல் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம் என்று உங்களுக்குச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு நடக்கும் இந்தக் காலத்தில், அந்தச் சம்பளம் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று நாங்கள் அறிவோம். "அத என் வாயால சொல்ல முடியாதுங்க சேர்" என்று எழுந்து வந்துவிட்டீர்கள்.

எங்களை ஒருநாளும் தனியே விடாத தாயுள்ளமே! உங்கள் முதுகுவலி தீரட்டும். வீட்டுக்காரர் தேறி வரட்டும். விடிந்த பிறகும் எழாமல் தூங்கும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டட்டும். கடைவீதியில் யாராவது மறித்து அந்தக் கேள்வியைக் கேட்டால், காது கேட்காதவர் போல் நடந்துபோகும் உரிமையையும் இன்று முதல் உங்களுக்கு வழங்குகிறோம். நூறாண்டு நலமாய் வாழ்க என்று நாங்கள் எல்லோரும் மனதார வேண்டுகிறோம்.

கடைசியாக ஒன்று. நாளை முதல் நீங்கள் சொன்னதையெல்லாம் நாங்களும் சொல்வோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. எங்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் டியூஷன் இருக்கிறது. வைப்பருக்கும் பல்புக்கும் அந்த மட்டையில் உள்ளதை நாங்கள் ஒப்புவித்துவிடுவோம், மிஸ். எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் பிராந்திய முகாமையாளர் ஐயா, தமிழ் தெரியாமல், இவ்வளவு நேரமும் மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருக்கிறார். அவர் காதில் எங்கள் காசாளர் றமீலா சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வருகிறாள்; கெட்டிக்காரி, பலதை விழுங்கியிருப்பாள். றமீலா, இதை மட்டும் ஒரு சொல் குறையாமல் அவருக்குச் சொல். நேற்று மாலை நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம்: திரை சிவந்தாலும் சரி, வேலை போனாலும் சரி, பிரேக் வேலைக்கு வந்த ஒரு வாகனத்தையும் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டோம்.

இவ்வண்ணம்,
களைப்போடும் கண்ணீரோடும் கையெழுத்திடும்
பதுளைக் கிளையின் சேவைப் பிரிவு, உதிரிப்பாகப் பிரிவு ஊழியர்கள்