தாலிக்கு அடுத்து வரும் ஃபிரிட்ஜ்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். கணவர் மடியில், துணியால் வாய் கட்டிய அஸ்திக் கலயம். காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார்.

"கல்யாண வீடியோவுல நம்ம பொண்ண விட ஃபிரிட்ஜத்தாங்க வீடியோக்காரன் நல்லா எடுத்திருக்கான்" என்றார் அந்த அம்மா.

"இப்ப எதுக்கு அது?"

"அவ போனதுலேர்ந்து தெனம் பாக்குறேன். ஃபிரிட்ஜ், பீரோ, பைக்குன்னு சீர் சாமான் ஒவ்வொண்ணையும் கேமரா சுத்திச் சுத்தி வருது. மாப்பிள்ளை நடந்தா ஸ்லோ மோஷன். இவ வந்தா கழுத்து நகையோட நின்னுடுது. தாலி கட்டுறான், அடுத்த நொடி ஃபிரிட்ஜ். அவ மூஞ்சி எங்கங்க?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாவி, அந்த மூஞ்சிய ஒரு தடவ காட்டியிருந்தா அவளுக்கு இஷ்டமில்லைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். அந்த வீட்டுல சாக விட்டிருப்போமா?"

"காட்டுனான்" என்றார் அவர். "முதல்ல எனக்கு மட்டும் போட்டுக் காட்டுனப்ப தாலி கட்டுனதும் அவ மூஞ்சிதான் வந்துச்சு. பின்னாடி பாட்டு, மேளம் எதுவும் இல்ல. நம்மளையே பாத்துட்டிருந்தா. ரொம்ப நேரம். வெட்ட வேணாம் சார்னு கூடச் சொன்னான். நான்தான் அந்த எடத்துல ஃபிரிட்ஜப் போடச் சொன்னேன்."

அம்மா மண்டபம் வந்ததும் அந்த அம்மா அவர் மடியிலிருந்த கலயத்தை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினார்.