கன்னிப்போன கலர்

இல்ல மாப்ள, இன்னும் முடியல. உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், பாலிஷ் போடுற காம்பவுண்டு ஒட்டியிருக்கு, பேன்ட்டு வீணாப்போயிடும். இந்த டின்னு மேல உக்காரு. டீ சொல்லியிருக்கேன்.

தெரியும்டா, வாங்குறவரு சாயங்காலம் வர்றாரு, அதுக்குள்ள வண்டி புதுப்பொண்ணு மாதிரி நிக்கணும். போன்லயே உயிர எடுத்துட்டியே. பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு கை வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும். வேற எவனாவது இப்படி ஒண்ண கொண்டாந்திருந்தா ஷெட்டு வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன். இது பிக்கப்பா, குப்பத்தொட்டியா?

ச்சீ, அந்த டிரைவர் கதவ நெனச்சாலே கொமட்டுது. ஓட்டிக்கிட்டே பாக்கு மென்னு துப்புறியே, துப்பினது எங்க போவும்னு நெனச்ச? காத்துல கரைஞ்சிடுமா? கதவுலேர்ந்து பின் டயரு வரைக்கும் செவப்பா வழிஞ்சு, காஞ்சு, பெயின்ட்டுக்குள்ளயே எறங்கிக் கெடக்கு. சோப்புத் தண்ணிக்கு அசையல. கடைசியில நகத்தால சொரண்டினேன். நகத்தால, மாப்ள! சோறு திங்கிற கை. நேத்து உங்கக்கா தட்டு வெச்சா, கைய மோந்து பாத்துட்டு எழுந்துட்டேன்.

பின்னாடி தொட்டி அதுக்கு மேல. மீன் ஏத்தினியா? காய்கறி மட்டுந்தானா? அப்ப மூலைமூலைக்கு ஒட்டியிருந்த செதிலு கத்திரிக்காயிலேர்ந்து உதுந்துச்சா? கருமம், பொய் சொல்றதுலயாவது ஒரு சுத்தம் வேணாமாடா.

சிரி, சிரி. எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கும் ஷெட்டுக்கும் அலைஞ்சு அலைஞ்சு பாதி உசுரு போச்சு. என் தங்கச்சி நேத்துதான் ஊனுகோலப் புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னா. காலுக்குள்ள கம்பி வெச்சிருக்காங்கல்ல, ரெண்டு எட்டு வெக்கிறதுக்குள்ள வேர்த்து ஊத்திடுச்சு. எந்த வண்டின்னு யாருக்கும் தெரியல. மழை, இருட்டிக்கிட்டு வந்த நேரம், அவ ஸ்கூட்டர பின்னாலேர்ந்து இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிட்டான். நீயுந்தான வந்து பாத்த. ஆரஞ்சு உரிச்சு, சொளசொளயா அவ கையில குடுத்த. இடிச்சவன் கை அழுகிப்போவணும்னு மொதல்ல சாபம் விட்டதே நீதான். அவதான் பாவம்ணே, இடிச்சது அவனுக்கே தெரிஞ்சிருக்காதுன்னா. பைத்தியக்காரி.

சரி, வண்டிக்கு வர்றேன். கழுவி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு, காம்பவுண்டு தடவி மெஷின் ஓட்டி, மேல வாக்ஸும் போட்டாச்சு. எழுந்து வந்து பானெட்டப் பாரு. உன் மூஞ்சி தெரியுதா? நல்லாப் பாத்துக்கோ. போய் உக்காரு.

ஒண்ணு மட்டும் எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வாங்கின நாள்லேர்ந்து ஒரு வாளி தண்ணி பாக்காத வண்டி. ஆனா முன்பக்கம் இடது மூலை மட்டும் சுத்தமா இருக்கு. சுத்தம்னா, பாத்திரம் வெளக்குற கம்பி நாரப் போட்டு எவனோ தேய்தேய்னு தேச்சிருக்கான். வட்டவட்டமா கோடு. பெயின்ட்டயே கொன்னுட்டான்.

நீதானா? கேட்டுல இடிச்சியா? ம். உங்க வீட்டு கேட்டு வெள்ளை. வண்டியும் வெள்ளை. வெள்ளை மேல வெள்ளை ஒட்டினதுக்கு எதுக்குடா கம்பி நாரு?

பம்பரக் கழட்டினேன். ஆமா, நீ கழட்டச் சொல்லல. மூலையச் சரியா முடிக்கணும்னா கழட்டித்தான் ஆவணும், அது என் தொழிலு. உள்பக்கம் மடிப்புல, நாரு போவாத எடத்துல, ஒரு வெரல் நீளத்துக்கு வேற ஒரு கலரு ஈஷிக்கிட்டு இருக்கு.

அந்தக் கலர எந்தக் கடையிலயும் வாங்க முடியாது மாப்ள. டின்னு மூடியெல்லாம் பெயின்ட்டு வழிஞ்சு எது எதுன்னு தெரியாம, கறுப்புன்னு நெனச்சு மெரூன எடுத்து நீலத்துல ஊத்திட்டேன். கத்திரிக்காக் கலரும் இல்ல, ஈரல் கலரும் இல்ல, பாக்கவே சகிக்கல. தங்கச்சி ஸ்கூட்டருக்குக் கலக்கினது. கொட்டிடறேன்னேன், இதையே அடிண்ணே, வேற யாருகிட்டயும் இருக்காதுன்னா. உங்கக்கா பாத்துட்டு, அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி இருக்குன்னு சொல்லி, அப்பறம் அதுவே பேராயிடுச்சு. கன்னிப்போன கலரு. வீடே சிரிச்சுது. நீயுந்தான் சிரிச்ச.

எங்க எழுந்துக்கிற? உக்காரு. விழுந்தது யாருன்னு அன்னிக்கு உனக்குத் தெரியலன்னே வெச்சுக்குவோம். மறுநாள் அவ கட்டிலுகிட்ட உக்காந்து உரிச்சியே ஆரஞ்சு, அப்ப தெரியும்ல? அந்தக் கையாலதான உரிச்ச? உன் எச்சிலக்கூட நகத்தால சொரண்டி எடுத்துட்டேன்டா. இத என்னால சொரண்ட முடியல.

மத்தபடி வேலையில கொறை சொல்ல முடியாது, பளபளன்னு இருக்கு. அந்த ஒரு எடத்த மட்டும் சுத்தி டேப்பு ஒட்டி அப்படியே விட்டிருக்கேன்.

சாவியா? உங்கக்காகிட்ட இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து தங்கச்சிய நேரா இங்க கூட்டிக்கிட்டு வர்றா. வாசல்ல வண்டி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சே, அவங்கதான். அவளால வேகமா நடக்க முடியாது, உள்ள வர கொஞ்ச நேரமாவும். நீ டீயக் குடி, ஆறுது பாரு.