போத்தலின் அடி மண்டி

பழைய சிவப்பு வைனை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது, மகளே. நீங்கள் இன்ஸ்பெக்டர்தான், ஆனால் எனக்கு மகள் வயது. படுத்துக் கிடந்த போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வைத்தால்தான் மண்டி அடியில் இறங்கும். பிறகு கழுத்துக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் பிடித்து, கண்ணாடிக் கூஜாவில் மெல்லச் சாய்க்க வேண்டும். கறுப்பு இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் ஐயா சொல்லிக்கொடுத்தது.

யோகேந்திரன் ஐயா லாபு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். அப்பா வெளியே கைகட்டி நின்ற அதே மேனேஜர் பங்களாவை வாங்கினார். அங்கே முப்பத்தொரு வருடம் நான் சமைத்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் மனைவி புஷ்பவள்ளி அம்மா திடீரென்று இறந்துபோனபின், ஐயாவுக்கு யார்மேலும் நம்பிக்கையில்லை. தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கூஜாவிலிருந்து முதல் வாய் எனக்கு.

"நீ குடி முதல்ல, பஞ்சாலை."

"என்மேலயுமா சந்தேகம், ஐயா?"

"உன்மேலதான் லா. வேற யாரு இங்க சமைக்கிறா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தபடி குடித்தேன். அரை மணி நேரம் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். வைனுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்வார்.

பழவாசம் அடங்கி, மழையில் நனைந்த சருகு வாசம் வரும்போது வைன் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் காடி. உச்சத்தில் திறக்காமல் விடுவது பாவம் என்பார்.

இந்த வருடம் ஐயாவே உச்சத்தைத் தாண்டிவிட்டார். காலையில் இரண்டு கட்டை தூரம் நடந்தார், பேத்தியின் பிறந்த நாளை மறக்கவில்லை. அதை வைத்து எடைபோட முடியாது. பங்களாவை விற்றுவிட்டு மகள் விமலாவோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போகிறேன் என்றார்.

"உனக்கு ராசா டவுன்ல ஒரு முதியோர் இல்லம் பார்த்து வச்சிருக்கேன். நல்ல இடம்."

தெளிந்த மனிதர் பேசுகிற பேச்சா அது?

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. நான் சுவைத்தேன், அவர் கடிகாரம் பார்த்தார், எல்லோரும் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண்டியோடு போத்தல் அடுக்களைக்கு வந்தது.

வைன் தெரிந்தவர்கள் மண்டியைக் கொட்டிவிடுவார்கள். ஆனால் கள்ளுக்கடையில் மண்டியை மிச்சம் வைத்து எழுந்தவர் எங்கள் தோட்டத்தில் கிடையாது. ஐயாவும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதானே. விருந்தாளிகளின் கார் கேட்டைத் தாண்டியதும் அடுக்களைக்கு வந்து, பீங்கான் கோப்பையில் ஊற்றி, நின்றபடியே குடிப்பார். அதை மட்டும் என்னைச் சுவை பார்க்கச் சொன்னதில்லை. வெட்கம்.

தோட்டத்து ஸ்டோரில் எடுத்த பூச்சிமருந்தை அதில்தான் கலந்தேன்.

"இன்னிக்குக் கசப்பு கூட" என்றார்.

"பழசு இல்லையா, ஐயா" என்றேன்.

புஷ்பவள்ளி அம்மாவும் அப்படித்தான், உச்சத்தைத் தாண்டியிருந்தார். எனக்குப் பதிலாக வேறு ஆளைக் கொண்டுவரப் பார்த்தார். அவருக்குப் பாயசத்தில்.

எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை, மகளே. இரண்டு பேரையும் காடியாக விடவில்லை, அவ்வளவுதான். பங்களாவில் இன்னும் பதினேழு போத்தல் படுத்துக் கிடக்கிறது. நாளைக்கு விமலா வருகிறாள். அவளுக்கு வைனைத் திறக்கவே தெரியாது. பங்களாவை விற்காமல் இருந்தால் போதும், பக்கத்திலிருந்து நான் சொல்லிக்கொடுப்பேன்.